புத்தகமா, படமா? வெள்ளவத்தை வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு போயா தினம் (பௌர்ணமி விடுமுறை), பிற்பகல் மூன்று மணி, வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டின் முன்னறை. ஒரு விஞ்ஞானப் புனைகதையையோ ஃபேன்டசி நாவலையோ வாசித்துவிட்டு வருவோம். அதிலிருந்து எடுத்த படத்தைச் சேர்ந்து பார்ப்போம். பிறகு இருட்டும்வரை சண்டை பிடிப்போம். புதிதாக வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் என்பதால், பதில்களை எழுதி வைக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனவே இதிலுள்ள தீர்ப்புகள் என்னுடையவை. எங்களில் மூத்தவரான டீச்சருக்கு, அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, இவற்றில் பாதியோடு உடன்பாடில்லை. கதைகளின் முடிவுகளையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். முன்பே தெரிய வேண்டாம் என்பவர்கள் அந்தப் பெயர் வரும் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இந்த வட்டம் எப்படித் தொடங்கியது?

மின்வெட்டால் தொடங்கியது. 2022 இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை என்று அறிவித்தார்களே, அந்த நாட்கள். மாடிவீட்டுக்காரர் நாலைந்து பேர் டீச்சர் வீட்டில் கூடி, ஒரு மடிக்கணினியில் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' பார்த்துக்கொண்டிருந்தோம். விண்வெளி வீரர்கள் இருவரும் சிறிய ஊர்திக்குள் ஒளிந்திருந்து பேச, ஹால் என்ற கணினி கண்ணாடிக்கு வெளியே இருந்து அவர்களுடைய உதட்டசைவைப் படிக்கிறது. சரியாக அந்த இடத்தில் பேட்டரி செத்துவிட்டது.

கரண்ட் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. டீச்சர் உள்ளே போய் அந்த நாவலை எடுத்துக்கொண்டு வந்தார். மருதானைப் பழைய புத்தகக் கடையில் எப்போதோ வாங்கியதாம். டோர்ச் வெளிச்சத்தில் வாசித்து வாசித்து அங்கேயே தமிழில் சொல்லத் தொடங்கினார். பத்து நிமிடம் போயிருக்காது, ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) படிக்கும் பையன் ஒருவன் குறுக்கிட்டான்: "டீச்சர், கப்பல் வியாழனுக்குத்தானே போனது? இதில ஏன் சனிக்குப் போகுது?"

டீச்சர் பின்னால் புரட்டிப் பார்த்தார். சனிதான். உதடு படிக்கும் காட்சியைத் தேடினார். அது புத்தகத்தில் இல்லவே இல்லை. கரண்ட் வந்த பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

சரி, சனியா வியாழனா? யார் பிழை?

யாருடைய பிழையும் இல்லை. ஆர்தர் சி. கிளார்க்கும் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய கதையில் பயணம் சனிக் கிரகத்துக்குத்தான். ஆனால் நம்பும்படியான சனி வளையங்களை அன்றைய தந்திரக் காட்சித் தொழில்நுட்பத்தால் செய்து காட்ட முடியவில்லை. குப்ரிக் படத்தில் வியாழனோடு நிறுத்திக்கொண்டார், கிளார்க் நாவலில் சனியை விட்டுக்கொடுக்கவில்லை. படத்தின் தந்திரக் காட்சிகளில் வேலை செய்த டக்ளஸ் ட்ரம்புல், சில ஆண்டுகளின் பின் 1972 இல் தான் இயக்கிய 'சைலன்ட் ரன்னிங்' படத்தில் அந்த வளையங்களைச் செய்து காட்டினார்.

வேடிக்கை இதற்குப் பிறகுதான். 1982 இல் கிளார்க் '2010' என்ற தொடர்ச்சி நாவலை எழுதியபோது தன் சொந்த நாவலை விட்டுவிட்டுப் படத்தைப் பின்பற்றி வியாழனுக்கு வந்துவிட்டார். அதாவது, புத்தகத்தின் தொடர்ச்சி படத்தின் தொடர்ச்சியாகிவிட்டது.

அப்படியென்றால் '2001' புத்தகத்திலிருந்து எடுத்த படமா, படத்திலிருந்து எழுதிய புத்தகமா?

இரண்டும் இல்லை. விதை மட்டும் பழையது. 1948 இல் கிளார்க் எழுதி 1951 இல் வெளியான 'தி சென்டினல்' என்ற சிறுகதையில், நிலவில் யாரோ விட்டுப்போன ஒரு பொருளை மனிதர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. 1964 இல் குப்ரிக்கும் கிளார்க்கும் நியூயோர்க்கில் சந்தித்த பிறகு நாவலும் திரைக்கதையும் பக்கத்துப் பக்கமாக வளர்ந்தன. படம் 1968 ஏப்ரலில் வந்தது. நாவல் சில மாதம் பிந்தி வந்தது. இரட்டைப் பிள்ளைகளில் எது மற்றதன் நகல் என்று கேட்க முடியுமா?

நாவல் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லும். வேற்றுக் கிரகவாசிகள் விட்டுப்போன ஒரு பலகை குரங்கு மனிதர்களுக்குப் பாடம் நடத்துகிறது என்று சொல்லும். ஹாலுக்கு ஏன் புத்தி பேதலித்தது என்றும் சொல்லும்: உண்மையை மறைக்கும்படி அதற்குக் கட்டளை, ஆனால் அதன் அமைப்போ உண்மையை மறைக்க முடியாதது. படம் இவை எதையும் சொல்லாது. முதல் இருபத்தைந்து நிமிடம் ஒரு சொல் பேச்சுக்கூட இல்லை. விளக்கம் இல்லாத ஹால்தான் எனக்குப் பயமூட்டுகிறது. டீச்சர் ஒத்துக்கொள்ள மாட்டார். "நோய்க்குப் பெயர் தெரிஞ்சாத்தான் பரிதாபம் வரும்" என்பார். புத்தகத்தில் ஹால் பரிதாபத்துக்குரியவன் என்பது உண்மைதான்.

கிளார்க் கொழும்பில் இருந்தாரா?

ஓம், 1956 இல் இலங்கைக்கு வந்தவர், 2008 மார்ச்சில் காலமாகும்வரை இங்கேதான். கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் வீடு. அடக்கம் செய்தது பொரளை கனத்தை மயானத்தில். திருகோணமலைக் கடலடியில் பழைய கோணேசர் கோயிலின் சிதைவுகளைத் தேடிச் சுழியோடிய கதையும் உண்டு.

எங்கள் விஷயத்துக்கு இன்னொன்று முக்கியம். '2010' படத்தை எடுத்த பீட்டர் ஹயம்ஸ் அமெரிக்காவில் இருந்தார், கிளார்க் கொழும்பில். திரைக்கதை பற்றி இருவரும் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடிதங்கள் பிறகு ஒரு புத்தகமாகவும் வந்தன. கொழும்பில் எத்தனையோ வீடுகளில் தொலைபேசியே இல்லாத எண்பதுகளில் இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு படம் புத்தகத்தைக் கெடுத்துவிட்டதா என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

எதை வெட்டினார்கள் என்று முதலில் பட்டியல் போடுவோம். அது எல்லோரும் செய்வது, அதனால் பெரிய பயன் இல்லை. ஐந்நூறு பக்கத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் அடைத்தால் வெட்டத்தான் வேண்டும். அப்புறம் கேட்பது: வெட்டிய இடத்தில் எதைக் கொண்டுவந்து வைத்தார்கள்?

'ஜுராசிக் பார்க்' பாருங்கள். மைக்கேல் கிரைட்டனின் 1990 நாவலில் பூங்காவின் முதலாளி ஹாமண்ட் பேராசை பிடித்த கிழவர். கடைசியில் தான் உருவாக்கிய சின்ன டைனோசர்களுக்கே இரையாகிறார். 1993 இல் வந்த படத்தில் அவர் அன்பான தாத்தா, உயிரோடு தீவை விட்டுப் போகிறார். ஒரு பாத்திரத்தின் குணம்தான் மாறியது. ஆனால் அதோடு குற்றம் முழுவதும் முதலாளியின் கையிலிருந்து நழுவி, ஏதோ விதி விளையாடிவிட்டது போல ஆகிவிட்டது. நூறு காட்சியை வெட்டியிருந்தால்கூட இவ்வளவு மாறியிருக்காது.

முதலில் வாசிப்பதா, பார்ப்பதா?

பெரிய நாவல் என்றால் முதலில் வாசியுங்கள். படம் பார்த்த பிறகு வாசித்தால் எல்லா முகங்களும் நடிகர்களின் முகங்களாகிவிடும், அதை அழிக்க முடியாது. சிறுகதை என்றால் எந்தப் பக்கத்தால் போனாலும் பரவாயில்லை.

டியூன் எத்தனை முறை படமாகியிருக்கிறது? எது நல்லது?

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் நாவல் 1965 இல் வந்தது. டேவிட் லிஞ்ச் 1984 இல் ஒரே படமாக எடுத்தார். 2000 இல் தொலைக்காட்சிக் குறுந்தொடர் ஒன்று வந்தது. டெனி வில்னேவ் 2021 இலும் 2024 இலும் இரண்டு பாகமாக எடுத்தார்.

இந்த நாவலைப் படமாக்குவதில் உள்ள கஷ்டம் அதில் வரும் ராட்சத மணல் புழு இல்லை. பாத்திரங்கள் ஓயாமல் மனதுக்குள் பேசிக்கொள்வதுதான் கஷ்டம். ஒரே விருந்து மேசையில் இருக்கும் ஐந்து பேரின் தலைக்குள்ளும் ஹெர்பர்ட் மாறி மாறிப் போய்வருவார். லிஞ்ச் அதைக் காதோரக் கிசுகிசுப்பாக வைத்தார். பாத்திரம் வாய் மூடி நிற்க, குரல் மட்டும் கேட்கும். முதல் தடவை பார்த்தபோது எங்கள் அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வில்னேவ் அந்தப் பேச்சையெல்லாம் எடுத்துவிட்டு மௌனத்தையும் கைச்சைகையையும் வைத்தார். அந்த விருந்துக் காட்சியும் அதோடு போய்விட்டது. எனக்கு அது பெரிய கவலை, நாவலில் எனக்குப் பிடித்த அத்தியாயம் அது.

ஆனால் உண்மையான சோதனை முடிவில் இருக்கிறது. பால் என்ற இளைஞன் மீட்பனாக எழுகிறான். அப்படி எழும் தலைவர்களை நம்பாதீர்கள் என்பதே ஹெர்பர்ட் சொல்ல வந்தது. முதல் நாவலை வாசித்த பலருக்கு அது விளங்கவில்லை. 1969 இல் வந்த 'டியூன் மெசையா' அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. லிஞ்சின் படத்தின் கடைசியில் பாலைவனக் கிரகத்தில் மழை பெய்கிறது. பால் உண்மையிலேயே கடவுளாகிவிட்டான். இதைவிட நாவலுக்கு எதிராகப் போக முடியாது. வில்னேவின் படத்தில் பாலின் காதலி சானி அவனை நம்ப மறுக்கிறாள், எல்லோரும் மண்டியிடும்போது அவள் மட்டும் வெளியே நடந்துபோகிறாள். நாவலின் சானி அப்படிப் போகவில்லை, அவன் பக்கத்திலேயே நிற்கிறாள். ஆக, கதையை மாற்றித்தான் வில்னேவ் ஹெர்பர்ட் சொன்னதைக் காப்பாற்றினார். நாவலில் இரண்டு வருடத்துக்கு மேல் போகும் கதையைச் சில மாதத்துக்குள் சுருக்கியதால் பாலின் தங்கை அலியா பிறக்கவே இல்லை என்பது மட்டும் எனக்குக் குறைதான். வாய் பேசும் அந்தப் பயங்கரக் குழந்தையைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' படங்களில் டோம் பொம்படில் ஏன் இல்லை?

எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். அவர் இல்லாவிட்டாலும் கதை நடக்கும். பாட்டுப் பாடிக்கொண்டு திரியும் அவரை எனக்குப் பிடிக்கும், ஆனாலும் அந்த வெட்டில் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் செய்தது சரி.

கேட்க வேண்டிய கேள்வி கடைசி அத்தியாயங்களைப் பற்றியது. 1954-55 இல் வந்த டோல்கீனின் நாவலில், மோதிரம் அழிந்து போர் முடிந்ததும் நான்கு ஹொபிட்டுகள் (குள்ள மனிதர்கள்) தங்கள் ஊரான ஷயருக்குத் திரும்புகிறார்கள். ஊர் ஊராக இல்லை. அந்நியர்கள் அதிகாரம் செய்கிறார்கள், மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள், பழைய வீடுகளை இடித்து அசிங்கமான கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. அவர்கள் மறுபடியும் சண்டை போட்டு ஊரை மீட்க வேண்டியிருக்கிறது. நால்வரில் ஒருவனான சாம் ஒரு பெட்டி மண்ணை ஊர் முழுக்கத் தூவி மரம் நடுகிறான். 2003 இல் வந்த மூன்றாவது படத்தில் இது கிடையாது. ஷயர் அப்படியே பச்சையாக இருக்கிறது. நால்வரும் மதுச்சாலையில் பேசாமல் உட்கார்ந்திருக்க, சுற்றியிருப்பவர்கள் ஒரு பூசணிக்காயைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வட்டத்தில் ஒரு அக்கா 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர். பல வருடம் கழித்துப் போனபோது கிணற்றை வைத்துத்தான் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடித்தாராம். வேலியில் நின்ற பூவரசு ஒன்றும் இல்லை. அந்த அத்தியாயங்களை வாசித்த மாதம் அவர் அதிகம் கதைக்கவில்லை. படத்தைப் பார்த்து முடிந்ததும், "அந்த நாலு பேரும் பேசாமல் இருக்கினமே, அதுவும் சரிதான்" என்றார். டோல்கீன் 1916 இல் சோம் போர்க்களத்தில் நின்றவர். திரும்பி வந்தவனின் ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கிறது. படம் அதைவிடச் சின்னதாக, ஆனால் பொய்யில்லாத ஒன்றை வைத்தது. இதற்கு முன் ஜாக்சனோடு எனக்கிருந்த கோபம் அன்றைக்குப் பாதியாகக் குறைந்தது.

'ஹொபிட்' பற்றி?

ஒரு மாலையும் ஒரு காலையும் இருந்தால் வாசித்து முடிக்கக்கூடிய 1937 ஆம் ஆண்டுச் சிறுவர் நாவலை ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஓடும் மூன்று படமாக இழுத்தார்கள். கறிக்குத் தண்ணீர் விட்ட கதை. அடுத்த கேள்வி.

சிறுகதையைப் படமாக்கினால் என்ன ஆகும்?

'அரைவல்' (2016) தான் எங்கள் அறையில் மிக நீண்ட நேரம் போன விவாதம். டெட் சியாங்கின் 'ஸ்டோரி ஒஃப் யுவர் லைஃப்' (1998) என்ற நெடுங்கதையிலிருந்து எடுத்தது. இயக்கியவர் இங்கேயும் வில்னேவ்.

வேற்றுக் கிரகவாசிகளின் மொழியைக் கற்கும் ஒரு மொழியியலாளர், அந்த மொழியைக் கற்கக் கற்க, நேற்று இன்று நாளை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அறியத் தொடங்குகிறாள். இன்னும் பிறக்காத மகளின் வாழ்க்கை முழுவதும் அவளுக்குத் தெரியும், மகளின் சாவு உட்பட. கதையில் மகள் 25 வயதில் மலையேறும்போது விழுந்து இறக்கிறாள். படத்தில் இன்னும் சின்ன வயதில், நோயால். சிறிய மாற்றம் போலத்தான் தெரியும். ஆனால் நோயைத் தாயால் தடுக்க முடியாது. மலையேற வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? தெரிந்தும் சொல்லாத தாயின் முன்னால் சியாங் நம்மை நிறுத்துகிறார். படம் அந்த முள்ளைப் பிடுங்கிவிட்டு, எதிர்காலத்தில் அறிந்ததைக் கொண்டு சீன ஜெனரலுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துப் போரைத் தடுக்கும் காட்சியை வைத்தது. கதையில் அந்த அறிவால் எதுவும் மாறாது. வந்தவர்கள் காரணம் சொல்லாமல் போய்விடுவார்கள்.

ஒளி எப்போதும் மிகக் குறைந்த நேரம் எடுக்கும் பாதையால்தான் போகும் என்ற ஃபெர்மாவின் விதி கதையின் முதுகெலும்பு. போகும் இடம் முன்பே தெரியாமல் ஒளி எப்படிப் பாதையைத் தேர்ந்தது? டீச்சர் இதை ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரையும் கரண்டியையும் வைத்து விளக்கிவிட்டு, படத்தில் இதை விட்டதற்காக இயக்குநரைத் திட்டித் தீர்த்தார்.

தமிழில் வாசிப்பவர்களுக்கு ஒரு சின்ன இன்பம் சொல்கிறேன். சியாங் காலத்தைக் குழப்புவது வினைச்சொற்களால். மகளின் வாழ்க்கையை 'நினைவிருக்கிறது' என்று தொடங்கி மகளிடமே எதிர்கால வினையில் சொல்கிறாள் தாய். ஆங்கில வாசகருக்கு அது விசித்திரமாக இருக்கும். நமக்கு? "அந்த நாளில அம்மம்மா விடிய எழும்பித் தேங்காய் துருவுவா" என்று சொல்கிறோமே. அம்மம்மா போய் எத்தனை வருடம்! ஆனாலும் வினை எதிர்காலத்தில் நிற்கிறது. இறந்தவர்களின் வழக்கங்களை எதிர்கால வினையில் சொல்லும் பழக்கம் நம் மொழியில் ஏற்கெனவே இருக்கிறது. நல்ல மொழிபெயர்ப்பாளர் கையில் அந்தக் கதை தமிழில் ஆங்கிலத்தைவிட இயல்பாக வரும் என்பது என் நம்பிக்கை. படத்தால் இதைச் செய்ய முடியாது. திரையில் எல்லாமே நிகழ்காலம்.

எழுத்தாளர்கள் படங்களைப் பார்த்து என்ன சொன்னார்கள்?

போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாவ் லெம்முக்குத் தன் 'சொலாரிஸ்' (1961) நாவலிலிருந்து வந்த படங்கள் பிடிக்கவில்லை. ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 1972 படமும் சரி, 2002 இல் வந்த ஹொலிவூட் படமும் சரி. மனிதனால் ஒருபோதும் விளங்கிக்கொள்ள முடியாத ஒரு கடலைப் பற்றி அவர் எழுதினார். படங்கள் மனிதர்களின் காதலையும் குற்ற உணர்வையும் பற்றியவையாகிவிட்டன. நாவல் விண்வெளி நிலையத்தில் இறங்குவதோடு தொடங்கும். தார்க்கோவ்ஸ்கி முக்கால் மணி நேரம் போலப் பூமியிலேயே நின்றுவிடுகிறார். லெம்மின் கோபம் நியாயமானது, ஆனாலும் அந்தப் படம் பெரிய படம். மரைன் டிரைவ் ஓரம் பிற்பகலில் உட்கார்ந்து அந்த நாவலை வாசித்துப் பாருங்கள், எதிரே இருக்கும் கடல் சும்மா இருக்காது.

ஃபிலிப் கே. டிக்கின் கதை வேறு. 1968 இல் அவர் எழுதிய நாவலில் ஹீரோவின் பெரிய ஆசை உயிருள்ள ஆடு மாடு ஒன்றை வாங்குவது. மொட்டை மாடியில் இருப்பது மின்சார ஆடு, அது அயலவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. அதிலிருந்து எடுத்த 'பிளேட் ரன்னர்' (1982) அந்த ஆட்டையும் மதத்தையும் மனைவியையும் தள்ளிவிட்டு, இருட்டையும் மழையையும் வைத்தது. 'பிளேட் ரன்னர்' என்ற சொல்லே நாவலில் இல்லை. டிக் சில காட்சித் துண்டுகளை மட்டும் பார்த்தார், படம் வெளிவருவதற்குச் சில மாதம் முன் மார்ச்சில் இறந்துபோனார்.

தொடராக எடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

நேரப் பிரச்சினை தீரும். லியூ சீசினின் 'த்ரீ பொடி ப்ராப்ளம்' நாவலைச் சீனாவில் 2023 இல் 30 பகுதிகளாக எடுத்தார்கள், 2024 இல் நெட்ஃபிளிக்ஸ் எட்டுப் பகுதிகளாக எடுத்தது. நெட்ஃபிளிக்ஸ் பாத்திரங்களில் பலரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் நண்பர் கூட்டமாக்கியது. வேகமாகப் பார்க்கலாம், ஆனால் நாவலின் தனிமை போய்விட்டது.

'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' பற்றிக் கேட்காதீர்கள். ஐந்தாவது நாவலும் தொடரின் முதல் பருவமும் ஒரே 2011 இல் வந்தன. ஆறாவது நாவல் வராமலே தொடர் 2019 இல் முடிந்துவிட்டது. ஒப்பிடப் புத்தகம் வேண்டும் அல்லவா?

தமிழில் இப்படி ஏதாவது உண்டா?

விஞ்ஞானப் புனைகதை என்றால் சுஜாதாதான். 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனிலும் தொடரானது. ஜீனோ என்ற ரோபோ நாயின் குறும்புப் பேச்சு எழுத்தில்தான் வடிவாக இருக்கிறது. பொம்மை நாயைத் திரையில் பார்த்ததும் அந்த மூளைக்கும் இந்த உடம்புக்கும் பொருந்தவில்லை.

'பொன்னியின் செல்வன்' வரலாற்றுப் புனைவு, எங்கள் எல்லைக்குள் வராது. ஆனால் எல்லோரும் வற்புறுத்தியதால் விதியைத் தளர்த்தினோம். நாவலின் இரண்டாம் பாகம் பெரும்பாலும் ஈழத்தில் நடக்கிறது. அநுராதபுரத்தில் பிக்குகள் அருள்மொழிக்கு இலங்கை அரியணையைக் கொடுக்க முன்வரும் இடம் இங்கே வாசிக்கும்போது வேறு மாதிரி ஒலிக்கும். மணிரத்னம் அந்தப் பகுதிகளைத் தாய்லாந்தில் எடுத்தார். அதில் எனக்குக் குறையில்லை. சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற கல்கியின் பெரிய திருப்பத்தை விட்டதும், மணிமேகலையையே காணாமலாக்கியதும்தான் குறை. மணிமேகலை இல்லாமல் கடைசிப் பாகத்தில் அழுவதற்கு யார் இருக்கிறார்கள்?

கொழும்பில் எடுத்த படம் எதையாவது பார்த்தீர்களா?

சல்மான் ருஷ்டியின் 1981 நாவலான 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்', தீபா மேத்தாவின் இயக்கத்தில் 2012 இல் வந்தது. 'விண்ட்ஸ் ஒஃப் சேஞ்ச்' என்ற பொய்ப் பெயரில் இரகசியமாகக் கொழும்பில் படப்பிடிப்பு நடந்தது. நடுவில் ஈரானின் எதிர்ப்பால் கொஞ்ச நாள் நிறுத்தியும் வைத்தார்கள். பம்பாயும் கராச்சியும் என்று காட்டும் தெருக்களில் எங்கள் ஆட்கள் கொழும்பைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்ததால் கதையைக் கவனிக்க முடியவில்லை என்பதுதான் நேர்மையான விமர்சனம். திரைக்கதையை ருஷ்டியே எழுதி, கதைசொல்லியின் குரலையும் கொடுத்தார். ஆனால் அந்த நாவலின் உயிர் கதைசொல்லியின் அலட்டல். அதைக் குறைத்தால் மிஞ்சுவது சம்பவங்கள் மட்டும்.

இலங்கையில் நடக்கும் கிளார்க்கின் நாவல் ஏன் உங்கள் பட்டியலில் இல்லை?

ஒப்பிடப் படம் இல்லை. 'தி ஃபவுன்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்' (1979) பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் கட்டும் கதை. அப்படியான லிஃப்டைப் பூமத்திய ரேகையில்தான் கட்ட வேண்டும். நம் தீவு அதற்கு வடக்கே இருக்கிறதே? கிளார்க் கவலைப்படவில்லை. தீவையே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, 'தப்ரபேன்' என்று பெயர் வைத்து, சிவனொளிபாதமலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கிவிட்டார். படம் எடுப்பவர் இப்படி ஒரு மாற்றம் செய்திருந்தால் நாங்களே திட்டியிருப்போம்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? ஆங்கிலம் கஷ்டமாக இருந்தால்?

புதிய புத்தகங்களின் விலை இப்போது யாருக்கும் கட்டாது. கொழும்புப் பொது நூலகத்தில் உறுப்பினராகுங்கள். மருதானையில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் கிளறுங்கள், விஞ்ஞானப் புனைகதைகள் அடியில்தான் கிடக்கும், பொறுமை வேண்டும். செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டமாகப் போவோம். தமிழ்ப் புத்தகங்களுக்குச் செட்டியார் தெருப் பக்கமும், வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகமும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் முழுதாக வாசிக்க முடியாதவர்களும் வரலாம். அத்தியாயங்களைப் பங்கு போட்டு ஒருவர் மற்றவருக்குக் கதையாகச் சொல்வோம். அன்றைய டோர்ச் வெளிச்சப் பழக்கம்தான்.

தியேட்டரில் பார்க்கலாமே?

புதிய படங்களுக்குப் போவோம். ஆனால் ஒரு தியேட்டரில், பெயர் வேண்டாம், ஒரு பாத்திரம் வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது இடைவேளை விட்டார்கள். திரும்பி வந்தபோது வாக்கியத்தின் மற்றப் பாதி போய்விட்டது. அன்றிலிருந்து டீச்சர் வீட்டுத் திரையே போதும் என்கிறார்.

அடுத்த போயாவுக்கு எது?

கிளார்க்கின் 'ரான்டெவூ வித் ராமா' (1973). படம் இன்னும் இல்லை. வில்னேவ் எடுக்கப்போவதாக 2021 இல் அறிவிப்பு வந்தது, அதனால் ஒருமுறை முன்கூட்டியே செய்து பார்க்கிறோம். 50 கிலோமீட்டர் நீளமான ஓர் உருளை சூரிய மண்டலத்துக்குள் வருகிறது. கிரேக்க, ரோமத் தெய்வங்களின் பெயர்கள் தீர்ந்துபோனதால் விஞ்ஞானிகள் அதற்கு ராமா என்று பெயர் வைக்கிறார்கள். மனிதர்கள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். கட்டியவர்களைக் காணவே முடியாது. கப்பல் நம்மைக் கவனிக்காமல் தன்பாட்டில் போய்விடுகிறது.

வாசித்து முடித்தவர்கள், படம் வந்தால் எதை வெட்டி எந்த இடத்தில் எதை வைப்பார்கள் என்று ஆளுக்கொரு துண்டு எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். மூன்று துண்டுகள் ஏற்கெனவே வந்துவிட்டன. ஓ.எல். பையன், இப்போது ஏ.எல். (உயர்தரம்) முடித்துவிட்டான், "வில்லன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினான். அக்கா எழுதியது தெரியாது. டீச்சர் இரண்டு பக்கமும் நிறைய எழுதினார், சமன்பாடுகள் இருந்ததாகக் கேள்வி. எல்லாம் டீச்சர் வீட்டு அலுமாரியில் ஒரு பால்மா டின்னுக்குள் இருக்கின்றன. படம் பார்த்துவிட்டு வந்துதான் திறப்போம்.